‘ஜெபம் பண்ணிட்டுத்தானே கிளம்பினீங்க?’: எங்கள் சபையாருக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயாவுக்கும், சபை மூப்பர்களுக்கும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும், ஜெபக் கூடுகையில் எங்களோடு உட்காருகிற எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

நாங்கள் பயணம் முடிந்து வீடு திரும்பி ரெண்டு மாதம் ஆகிறது. வழியில் எங்கள் பை களவு போனது உங்கள் எல்லாருக்கும் தெரியும். திரும்பி வந்த முதல் வாரத்தில் வீட்டுக்கு வந்தவர்கள், போனில் பேசியவர்கள், ஆலய வாசலில் நிறுத்தி விசாரித்தவர்கள் என்று நிறையப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். “ஜெபம் பண்ணிட்டுத்தானே கிளம்பினீங்க?”

யாரும் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தன்னை அறியாமல் வாயில் வந்துவிடுகிற கேள்வி அது. வேறொரு குடும்பத்துக்கு இப்படி நடந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன். என் கணவர் ஒவ்வொரு தடவையும் “ஆமா” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவார். மிச்சப் பதிலை நாங்கள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் பையை அறுத்தார்கள்.

பாஷை தெரியாத நாடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம். ரயில் வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. எந்த வண்டியில் ஏறுவதற்கு முன்னும் நாலு பேரும் கைகோத்து நின்று ஒரு சின்ன ஜெபம் செய்வது எங்கள் வீட்டு வழக்கம், உங்களுக்குத் தெரியும். பெட்டிகளை நடுவில் வைத்தோம். என் கைப்பை குறுக்காகத் தோளில் இருந்தது. நாலு பாஸ்போர்ட், பணம், கார்டுகள், சார்ஜ் ஏறட்டும் என்று போட்ட ரெண்டு போன், காலமான என் அம்மாவின் சின்னப் பைபிள், எல்லாம் அதற்குள்தான். கணவர் ஜெபித்தார், நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம்.

மகனுக்கு எட்டு வயது. என் வலது கையைப் பிடித்திருந்தான். நடுவில் கையை இழுத்தான். சும்மா விளையாடுகிறான் என்று நினைத்தேன். மறுபடியும் இழுத்து “அம்மா” என்றான். நான் கண்ணைத் திறக்காமலே, மெதுவாக, “கண்ணை மூடு” என்றேன்.

அவன் மூடிக்கொண்டான்.

ஆமென் சொல்லிவிட்டுப் பார்த்தால் தோளில் வார் மட்டும் கிடந்தது. பையோடு சேருகிற ரெண்டு முனையிலும் பிளேடு போட்டு அறுத்திருந்தார்கள். நூல்கூடப் பிசிறவில்லை, அவ்வளவு சுத்தமாக அறுந்திருந்தது. அந்த வாரைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மகன்தான் முதலில் பேசினான். “அந்த மாமா வெட்டுனாங்கம்மா. நான் சொன்னேன்ல?”

இதை மனதில் வைத்துக்கொண்டு இந்த மடலின் மிச்சத்தைப் படியுங்கள்.

அப்புறம் நடந்ததை எல்லாம் விவரிக்கப் போவதில்லை. ஆனால் சிலவற்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த மாதம் நம் சபையிலிருந்து ஒரு குழு புறப்படப் போகிறது. பாஸ்போர்ட்டுகளை ஸ்கேன் செய்து தன் மெயிலில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று என் கணவர் தைரியமாகத்தான் இருந்தார். போலீஸ் அறையில் இருந்த கம்ப்யூட்டரில் அந்த மெயிலைத் திறக்கப் போனால், உறுதிசெய்யும் எண்ணை அவருடைய போனுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னது. போன் திருடனிடம். எங்களைக் காப்பாற்றியது மகள். அவளுக்கு பதினாலு வயது. ஏதோ ஒரு படிவம் நிரப்புவதற்காக நாலு பாஸ்போர்ட்டையும் அவள் தன் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். அந்த ஒரு போனை வைத்துக்கொண்டு கார்டுகளை முடக்கினாள், எங்கள் ரெண்டு போனையும் தூரத்திலிருந்தே பூட்டினாள், சிம்மை நிறுத்தச் சொல்லிப் பேசினாள். அதற்குப் பிறகு எங்கள் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து நடுராத்திரிவரை காவல் காத்தாள். கொள்ளைபோன தன் ஊரான சிக்லாகுக்குத் திரும்புகிற வழியில் தாவீது, சண்டைக்குப் போனவனுக்கும் சாமான்களைக் காத்தவனுக்கும் சமபங்கு என்று சொன்னாரே, அந்த வசனத்தை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். பெட்டிமேல் உட்கார்ந்து தூங்காமல் இருந்த அவளைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

போகிறவர்கள் தயவுசெய்து எல்லாவற்றையும் ஒரே பையில் வைக்காதீர்கள். வீட்டில் இருக்கிற ஒருவருடைய போன் நம்பரைத் தாளில் எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் நகல் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். போனின் ஐஎம்இஐ எண்ணையும், அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கிற பதினைந்து இலக்க அடையாள எண்ணையும், குறித்துவையுங்கள். போலீஸில் அதைத்தான் கேட்டார்கள், எங்களிடம் இல்லை.

எங்களைப் போலீஸ் அறைக்குக் கூட்டிப்போனது, ரயில் நிலையத்தில் துப்புரவு வேலை செய்கிற ஒரு அம்மா. அவர் பாஷை எங்களுக்குத் தெரியாது, எங்கள் பாஷை அவருக்குத் தெரியாது. என் கையில் இருந்த வாரைப் பார்த்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போய், போலீஸ்காரர் எங்கள் புகாரை எழுத ஆரம்பிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். எப்படிப் போச்சு, எங்கே வைத்திருந்தீர்கள், ஏன் கவனிக்கவில்லை என்று அவரால் கேட்க முடியாது. பாஷை இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழியில் கள்ளர் அடித்துப்போட்ட மனுஷனையும், அவனுக்கு உதவிய சமாரியனையும் பற்றி நாம் எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்? சுமார் 27 கிலோமீட்டர் வழி, ஏறக்குறைய 1,000 மீட்டர் இறக்கம், பாறையும் வளைவுமான பாதை. கள்ளர் ஒளிந்திருக்க வசதியான இடம். அப்படிப்பட்ட வழியில் ஏன் தனியாகப் போனாய் என்று அந்தச் சமாரியன் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரக்காரனிடம் ரெண்டு பணம் கொடுத்தான். ஒரு ஆளின் ரெண்டு நாள் கூலி அது. அதோடு விடவில்லை. மேலே ஏதாவது செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொன்னான். இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நாம் வேகமாகக் கடந்துபோய்விடுகிறோம். களவு கொடுத்தவனுக்கு அன்றைக்கு மட்டும் செலவில்லை. திரும்பி வந்த பிறகும் ரெண்டு மாதமாக எங்களுக்கு ஆகிக்கொண்டேதான் இருக்கிறது, பணமாக மட்டும் இல்லை.

சனி, ஞாயிறு தூதரகம் மூடியிருந்தது. தங்கப் போன இடத்தில் பாஸ்போர்ட் இல்லாமல் அறை தர முடியாது என்றார்கள். போலீஸ் புகாரின் நகலைக் காட்டிய பிறகுதான் சாவி கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, கண்ணில் பட்ட ஒரு ஆலயத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பிரசங்கம் ஒரு வார்த்தை புரியவில்லை. காணிக்கைத் தட்டு வந்தது. என் கணவரின் சட்டைப்பையில் இருந்த சில்லறைதான் அன்றைக்கு எங்கள் சாப்பாடு. தட்டை வாங்கி, ஒன்றும் போடாமல் அடுத்தவரிடம் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் இருந்த பெரியவர் என்னைப் பார்க்கவே இல்லை, பார்க்காதது போல அவ்வளவு இயல்பாகத் தட்டை வாங்கிக்கொண்டார். அவருக்காக நான் இன்றைக்கும் ஜெபிக்கிறேன்.

திங்கட்கிழமை தூதரகத்தில், பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக அவசரப் பயண ஆவணம் கேட்டோம். வெளிநாட்டில் மாட்டிக்கொள்கிற தன் நாட்டு ஆட்களுக்குப் பயண ஆவணம் கொடுப்பது தூதரகத்தின் வேலைகளில் ஒன்று என்று 1963இல் வியன்னாவில் நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட உடன்படிக்கையிலேயே இருக்கிறது. அங்கேயும் முதலில் கேட்டது போலீஸ் புகாரின் நகலைத்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஜெபக் கூடுகையில் ஒரு சகோதரர் என் கணவரிடம் கேட்டார். “மன்னிச்சாச்சுல்ல பிரதர், அப்புறம் எதுக்கு கேஸு?” சிலர் தலையாட்டினீர்கள். அந்த ராத்திரி அவர் தூங்கவில்லை. புகார் கொடுத்தது தன் விசுவாசக் குறைவோ என்று என்னிடம் கேட்டார்.

சகோதரரே, எங்கள் மகளின் பெயரும் படமும் போட்ட பாஸ்போர்ட் யாரோ ஒருவன் கையில் இருக்கிறது. நாங்கள் சொன்னால்தான் நம் அரசு அதை ரத்து செய்து, காணாமல் போன, திருடுபோன பாஸ்போர்ட்டுகளுக்காக, பல நாட்டுப் போலீஸை இணைக்கிற இன்டர்போல் அமைப்பு 2002 முதல் வைத்திருக்கிற பட்டியலில் அந்த எண்ணைச் சேர்க்க முடியும். அதைக் காட்டி வேறு யாரோ, வேறு யாருடைய பிள்ளையையோ எல்லை தாண்டிக் கூட்டிப்போகப் பார்த்தால் மாட்டுவதற்கு வழி அதுதான். இதில் பழிவாங்கல் எங்கே இருக்கிறது? மன்னிப்பது எங்கள் பக்கத்து வேலை. திருப்பிக் கொடுப்பது அவன் பக்கத்து வேலை. நாங்கள் எங்கள் வேலையைச் செய்துவிட்டதால் அவன் வேலை தீர்ந்துவிடாது. திருடிய ஆட்டை விற்றவன் நாலு ஆடு கொடுக்கட்டும், மாட்டை விற்றவன் ஐந்து மாடு கொடுக்கட்டும் என்று யாத்திராகமம் 22இல் இருக்கிறது. ஆயக்காரனாகிய சகேயு இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட அன்றைக்கே, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்றான், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எபேசியருக்கு எழுதும்போது பவுல், திருடுகிறவன் இனித் திருடாமல், தன் கையால் பாடுபட்டு, இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்கிறார். அந்த மனுஷனும் அப்படி ஆக வேண்டும் என்றுதான் நாங்கள் ஜெபிக்கிறோம். பெயர் தெரியாததால் என் மகன் அவனை “அந்த மாமா” என்றே ஜெபத்தில் சொல்கிறான்.

அடுத்து, ஐயா, உங்களிடம் ஒன்று. நாங்கள் திரும்பி வந்த இரண்டாவது ஞாயிறு மத்தேயு ஹென்றியைப் பற்றிச் சொன்னீர்கள். வேதாகமம் முழுவதற்கும் விளக்கம் எழுதப் புறப்பட்ட அவரை லண்டனுக்குப் பக்கத்தில் வழிப்பறி செய்தார்கள். இவ்வளவு காலம் இவ்வளவு பயணம் செய்தும் இதற்குமுன் ஒருமுறைகூடக் கொள்ளை போகவில்லையே என்று அவர் நன்றியோடு எழுதிவைத்தார். உண்மைதான், அருமையான வார்த்தை. எங்களைத் தேற்றத்தான் சொன்னீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதை அவர் தன் நாட்குறிப்பில், தன் இழப்பைப் பற்றித் தானே எழுதினார். பறிகொடுத்தவன் தானாக வந்து சேர்கிற இடம் அது. வெளியிலிருந்து ஒருவர் கையைப் பிடித்து இழுத்துப்போனால் அங்கே போய்ச் சேர முடியவில்லை. முயற்சி செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சாட்சி சொல்ல மேடைக்கு வரச் சொன்னீர்கள். “கர்த்தர் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்” என்று சொன்னால் அது பொய் இல்லை, சத்தியமாகவே சேர்த்தார். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு இறங்க என் கணவரால் முடியாது. தான் ஜெபித்துக்கொண்டிருந்த அந்த ரெண்டு நிமிஷத்தைப் பற்றி அவர் இன்னும் கர்த்தரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். குடும்ப ஜெபத்தில் முன்பு சத்தமாக ஜெபித்த மனுஷன் இப்போது “எங்களோடு இரும்” என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார். அதையும் ஜெபம் என்றுதான் நான் எண்ணுகிறேன். சிக்லாக் எரிந்துகிடந்ததைப் பார்த்த தாவீதும் அவரோடிருந்த ஜனங்களும் அழுவதற்குப் பெலனில்லாமல் போகும்வரை அழுதார்கள் என்று எழுதியிருக்கிறதே, அந்த நேரத்தை எங்களுக்கும் கொடுங்கள்.

இனி என் மகன் விஷயம். இந்த மடலை நான் எழுத உட்கார்ந்ததே அவனுக்காகத்தான்.

போன மாதம் ஞாயிறு பள்ளியில் ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தான் என்று அவனை எழுப்பி நிற்க வைத்தார்கள். ஆசிரியர் என்மேல் கோபப்படக் கூடாது. அவருக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள் சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வதைத்தான் அவனுக்கும் சொன்னார்: “கண்ணை மூடு.”

வீட்டுக்கு வந்து அவன் சாப்பிடவில்லை. படுக்கப் போகும்போது கேட்டான், “நான் கண்ணை மூடுனதாலதானம்மா பை போச்சு?”

நான் அவனைக் கட்டிக்கொண்டு சொன்னேன், நீ பார்த்தாய், நீ சொன்னாய், அம்மாதான் கேட்கவில்லை என்று. மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லம்மா” என்றான். ஆனாலும் அந்தக் கண் மூடவில்லை. ஆலயத்தில் எல்லாரும் தலைகுனியும்போது அவன் என் பைமேல் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருகிறான். பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் உதடு மட்டும் அசைய எங்கள் சாமான்களை எண்ணுகிறான்.

முதலில் நானும் இதை ஒரு வியாதி மாதிரிப் பார்த்து பயந்தேன். பிறகு எஸ்றா 8ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். ராஜாவிடம் குதிரைவீரரைக் கேட்க வெட்கப்பட்டு, அகாவா நதியண்டையில் உபவாசம் இருந்து, தேவனை மட்டும் நம்பிக் கிளம்பினவர் அவர். வழியில் பதிவிருந்தவர்களுக்குத் தேவன் அவர்களைத் தப்புவித்தார். இதுவரைதான் நாம் சொல்வோம். அதே அதிகாரத்தில் அவர் வெள்ளியையும் பொன்னையும் ஆசாரியர்களிடம் நிறுத்துக் கொடுக்கிறார், எருசலேமில் போய் இறங்கிய பிறகு மறுபடி நிறுத்து, எண்ணி, எழுதிவைக்கிறார்கள். நெகேமியாவோ ராஜா அனுப்பிய படைத்தலைவரோடும் குதிரைவீரரோடுமே பயணம் செய்தார், அவரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார். அலங்கம் கட்டும்போது ஜெபம் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள், ரெண்டும் ஒரே வசனத்தில் இருக்கிறது. இவ்வளவு ஜெபித்த பவுலும் தனக்கு நேர்ந்த ஆபத்துகளில் கள்ளரால் வந்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறார். அவரிடம் போய் யாராவது ஜெபம் பண்ணிட்டுத்தானே கிளம்பினீங்க என்று கேட்டிருப்பார்களா?

கண்ணை மூடித்தான் ஜெபிக்க வேண்டும் என்று ஒரு கட்டளை வேதத்தில் எங்கே இருக்கிறது? லாசருவின் கல்லறைக்கு முன்னால் இயேசு கண்களை ஏறெடுத்துத்தான் பிதாவோடு பேசினார். யோவான் 17ஆம் அதிகாரத்து ஜெபமும் அப்படித்தான் தொடங்குகிறது. கெத்செமனேயில் சீஷர்களிடம் “விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்” என்றார். பிள்ளைகள் சிதறாமல் இருக்க நாம் கண்ணை மூடச் சொல்லிப் பழக்குகிறோம், நல்ல பழக்கம்தான், நானும் அப்படித்தான் வளர்த்தேன். ஆனால் திறந்த கண்ணோடு ஜெபிக்கிற பிள்ளையை எழுப்பி நிற்க வைக்கிற அளவுக்கு அது பெரிய சட்டம் இல்லை.

நம்மில் யாருக்காவது இனி இப்படி நடந்தால், அந்த வீட்டுக்குப் போய் முதலில் ஜெபத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். எங்களுக்கு உதவியாக இருந்தது எது என்று யோசித்தால் சின்னச் சின்னக் காரியங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஒரு அக்கா வந்து, ஒன்றும் கேட்காமல், புதுப் பாஸ்போர்ட்டுக்கான படிவங்களை மகளோடு உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு அண்ணன் ரெண்டு சனிக்கிழமை மகனைப் பந்து விளையாடக் கூட்டிப்போனார். வயதான ஒரு மூப்பர் என் கணவரோடு வாசலில் அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எழும்போது, “நானும் ஒரு தடவை பறிகொடுத்திருக்கேன் தம்பி, ரொம்ப நாள் ஆகும்” என்றார். அன்றைக்கு என் கணவர் நன்றாகத் தூங்கினார்.

அம்மாவின் பைபிளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எந்தக் காப்பீடும் அதைத் திருப்பித் தராது. ஓரங்களில் பென்சிலால் தேதி போட்டு வைத்திருப்பார்கள், எந்த வசனத்தை எந்தக் கஷ்டத்தில் வாசித்தார்கள் என்று. சிலது எனக்கு மனப்பாடம், சிலது போயே போய்விட்டது.

வருகிற ஞாயிறு ஆலயத்துக்கு வருகிறோம், வழக்கமான இடத்தில்தான் உட்காருவோம். ஜெப நேரத்தில் என் மகன் கண்ணைத் திறந்து வைத்திருப்பான், கை என் பைமேல் இருக்கும். உங்களில் யாராவது தற்செயலாகக் கண்ணைத் திறந்து அவனைப் பார்க்க நேர்ந்தால், அவனைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு சிரியுங்கள். யாரோ ஒருவர் கூடவே விழித்திருக்கிறார் என்று அவனுக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சபையில் ஒரு குடும்பம், அதில் தாய்